பெயர்ப் பட்டியல் போதாது, பணிப் பட்டியல் வேண்டும்

(சங்கத்தின் மகளிர் அமைதிக் குழு உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் இன்று கூடியிருப்பது இன்னொரு தீர்மானம் நிறைவேற்றுவதற்காக அல்ல. தீர்மானம் எழுத நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 'வன்மையாகக் கண்டிக்கிறது', 'கேட்டுக்கொள்கிறது', 'வலியுறுத்துகிறது' என்ற மூன்று சொற்களும் நமக்கு மனப்பாடம். இன்றைய கேள்வி வேறு. மகளிர் அமைதிக் குழு என்று ஒன்றை அமைத்திருக்கிறோம். பதிவேட்டில் பெயர்கள் ஏறியிருக்கின்றன. சந்தா ரசீதும் கொடுத்தாயிற்று. நாளை ஓர் இரவு பத்து மணிக்கு நம் பகுதியில் முதல் கல் விழுந்தால், இந்தப் பதிவேட்டில் இருக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? யார் யாரைக் கூப்பிடுவார்கள்? எங்கே போய் நிற்பார்கள்? என்ன கேட்பார்கள்?

நாம் ரயில்வேயில் காலம் தள்ளுகிறவர்கள். ஒரு நிலையத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று காட்டும் பெயர்ப் பட்டியல் ஒன்று அலுவலக பீரோவில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு வண்டியைக்கூட நகர்த்த முடியாது. வண்டி நகர்வது டூட்டி ரோஸ்டரால். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் என்று எழுதியிருக்கும் தாள் அது. அமைப்பு என்பதும் அப்படித்தான். உறுப்பினரைச் சேர்ப்பது பாதி வேலை. சேர்ந்த உறுப்பினர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியைப் பெண்களின் அமைதி அமைப்புகள் எப்படிச் செய்து காட்டின என்பதற்கு உலகத்தில் சான்றுகள் உண்டு. அவற்றில் இரண்டை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஒன்று சுருக்கமாக, மற்றொன்று சற்று விரிவாக.

தொலைபேசியும் முகவரிப் புத்தகமும்

1961 ஆம் ஆண்டு. சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் நிறுத்தி வைத்திருந்த அணுகுண்டுச் சோதனைகளை அந்த ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் தொடங்கின. வானத்தில் வெடித்த குண்டின் தூசு மழையோடு புல்லில் இறங்கியது. புல்லைத் தின்ற பசுவின் பாலில் ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற கதிரியக்க நஞ்சு சேர்ந்தது. பாலைக் குடித்த குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் அது தங்கியது. அரசியல் தலைவர்களுக்கு அது ராணுவப் போட்டி. தாய்மார்களுக்கு அது காலையில் காய்ச்சுகிற பால்.

வாஷிங்டனில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த டாக்மார் வில்சன் என்பவரும் அவருடைய தோழியர் சிலரும் ஒரு வீட்டில் கூடினார்கள். அவர்களிடம் அலுவலகம் இல்லை, நிதி இல்லை, கொடி இல்லை. இருந்தது தொலைபேசியும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிற முகவரிப் புத்தகமும்தான். ஒருத்தி தனக்குத் தெரிந்தவர்களை அழைத்தாள். அவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களை அழைத்தார்கள். செய்தி ஒன்றே ஒன்று: நவம்பர் 1 ஆம் தேதி வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 60 நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 50,000 பேர் என்று அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அதற்கு 'அமைதிக்கான பெண்கள் வேலைநிறுத்தம்' என்று பெயர்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்று, 'நீங்கள் கம்யூனிஸ்டுகளா?' என்று விசாரிக்க அவர்களை அழைத்தது. அந்தக் குழுவின் பெயரைக் கேட்டாலே பெரிய பெரிய எழுத்தாளர்களும் நடிகர்களும் நடுங்கிய காலம் அது. இந்தப் பெண்களோ கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பார்வையாளர் இருக்கைகளில் வந்து உட்கார்ந்தார்கள். சாட்சி சொல்ல எழுந்த தோழிக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். கை தட்டினார்கள். விசாரித்தவர்களை நாட்டுப் பத்திரிகைகள் கேலி செய்தன. 1963 ஆகஸ்ட் 5 ஆம் தேதி மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் அணுகுண்டு சோதிக்கக்கூடாது என்பது அதன் சாரம். அதற்குப் பல காரணங்கள் உண்டு. பாலைக் குறித்துக் கேள்வி கேட்ட பெண்களும் அந்தக் காரணங்களில் ஒன்று என்பதை யாரும் மறுப்பதில்லை.

இதிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உலக அமைதி என்ற பெரிய சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் யாரையும் அழைக்கவில்லை. பாலைச் சொல்லி அழைத்தார்கள். நாளைச் சொல்லி அழைத்தார்கள். தனக்குத் தெரிந்தவளைத் தானே அழைப்பது ஒவ்வொருத்தியின் வேலையாக இருந்தது.

மீன் சந்தைத் திடலில் வெள்ளைச் சட்டைகள்

இனி இரண்டாவது சான்று. அமெரிக்கப் பெண்களுக்காவது வீட்டில் தொலைபேசி இருந்தது, தெருவில் துப்பாக்கி இல்லை. இரண்டுமே தலைகீழாக இருந்த ஒரு நாட்டை இப்போது பார்ப்போம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்று ஒரு சிறிய நாடு. 1989 டிசம்பர் இறுதியில் சார்லஸ் டெய்லர் என்பவர் ஆயுதப் படையோடு உள்ளே நுழைந்ததில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. நடுவில் ஓர் ஓய்வு; 1997 இல் தேர்தல்; டெய்லரே குடியரசுத் தலைவர் ஆனார். 1999 இல் அவருக்கு எதிராக வேறு குழுக்கள் ஆயுதம் தூக்கின. இரண்டு போர்களிலுமாக 2 லட்சம் பேருக்கு மேல் மாண்டிருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பையன்களுக்குப் போதை மருந்தைக் கொடுத்துத் துப்பாக்கியைப் பிடிக்க வைத்தார்கள். பெண்கள் பட்ட பாட்டை இந்த மேடையில் விவரிக்க வேண்டியதில்லை, உங்களுக்குப் புரியும்.

அந்த நாட்டில் லேமா போவீ என்று ஓர் இளம் பெண். பிள்ளை குட்டிக்காரி. போரில் மனம் உடைந்தவர்களைத் தேற்றும் சமூகப் பணியை லுத்தரன் திருச்சபையில் செய்துகொண்டிருந்தார். 2001 இல், நைஜீரியாவைச் சேர்ந்த தெல்மா எக்கியோர் என்ற வழக்கறிஞரின் முயற்சியால், அமைதிப் பணியில் ஈடுபடும் மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களுக்காக ஒரு வலையமைப்பு உருவானது. அதன் லைபீரியக் கிளையை நடத்தும் பொறுப்பு போவீயிடம் வந்தது. நம்மைப்போலவே அவர்கள் கையிலும் முதலில் இருந்தது ஒரு பதிவேடும் சில கூட்டக் குறிப்புகளும்தான்.

அவர்கள் செய்த முதல் வேலையைக் கவனியுங்கள். 'கூட்டத்துக்கு வாருங்கள்' என்று சுவரொட்டி ஒட்டிவிட்டுக் காத்திருக்கவில்லை. பெண்கள் எங்கே ஏற்கெனவே கூடுகிறார்களோ அங்கே போனார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் வாசலுக்கு. சனிக்கிழமை காலை சந்தைக்கு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு. குழு குழுவாகப் பிரிந்து மாதக்கணக்கில் இதே வேலை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அங்கே அதிகம். ஆகவே துண்டறிக்கையில் எழுத்தோடு படமும் போட்டார்கள். செய்தியின் சாரம்: பிள்ளைகளைப் பறிகொடுத்துக் களைத்துவிட்டோம், பெண்களே எழுந்திருங்கள், அமைதிப் பேச்சில் உங்களுக்கும் குரல் உண்டு. அவ்வளவுதான். புத்தகத் தமிழ் போன்ற புத்தக ஆங்கிலம் எதுவும் அதில் இல்லை.

இரண்டாவது வேலை இன்னும் கடினமானது. இயக்கம் தேவாலயத்துப் பெண்களிடம் தொடங்கியது. அந்தக் கூட்டம் ஒன்றில் அசாட்டு பா கென்னத் என்ற முஸ்லிம் பெண் எழுந்து நின்றார். அவர் ஒரு காவல்துறை அதிகாரி. தம் சமூகத்துப் பெண்களையும் இதில் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்தார். சொன்னபடியே முஸ்லிம் பெண்களுக்கென ஓர் அமைப்பைத் திரட்டினார். இரு தரப்பிலும் முணுமுணுப்பு எழாமல் இல்லை. அவர்களோடு சேர்ந்து நிற்பதால் நம் நம்பிக்கை கெட்டுப்போகுமே என்று சிலர் தயங்கினார்கள். அதற்கு இயக்கம் கொடுத்த பதில், பாய்ந்து வருகிற தோட்டா நீ கிறித்தவளா முஸ்லிமா என்று பார்த்தா துளைக்கிறது என்ற ஒரே கேள்விதான். அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் அருகருகே உட்கார்ந்து, அவரவர் முறைப்படி வேண்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது, கோரிக்கை. போர் நடக்கும் நாட்டில் கேட்பதற்கு ஆயிரம் இருக்கும். அரிசி விலை, மருந்து, அகதி முகாம், பள்ளிக்கூடம், நீதி. ஆயிரத்தையும் கேட்டால் ஆயிரம் கோஷ்டி உண்டாகும் என்பது அமைப்பு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் மூன்றைத்தான் கேட்டார்கள். உடனே நிபந்தனையற்ற போர் நிறுத்தம் வேண்டும். அரசும் கிளர்ச்சிக்காரர்களும் உட்கார்ந்து பேச வேண்டும். அமைதி காக்க வெளியிலிருந்து ஒரு படை வர வேண்டும். யாரை எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்றையும் சொல்வார்கள். டெய்லர் ஒழிக என்றோ, கிளர்ச்சிக்காரர் வாழ்க என்றோ ஒரு குரல்கூட அதில் கிடையாது.

நான்காவது, இடமும் உடையும். 2003 ஏப்ரலில் தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தையை ஒட்டிய திடலில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஏன் அந்த இடம்? குடியரசுத் தலைவரின் கார் வரிசை தினமும் போய் வரும் சாலை அதை ஒட்டித்தான் போகிறது. அவர் பார்க்காமல் போக முடியாது. தெருவில் யாரும் கூடக்கூடாது என்று அவர் எச்சரித்திருந்த சமயம் அது. பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைத்துணி. நகை கிடையாது, ஒப்பனை கிடையாது. மந்திரியின் மனைவியும் மீன் கூடைக்காரியும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். விடிந்தால் வருவார்கள், இருட்டினால் போவார்கள். மறுநாள் மறுபடியும். வெயிலானாலும் சரி, ஆப்பிரிக்க மழையானாலும் சரி, ஆயிரக்கணக்கான பெண்கள் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

2003 ஏப்ரல் 23 ஆம் தேதி டெய்லர் அவர்களைச் சந்திக்க வேண்டியதாயிற்று. போவீ மேடையேறினார். டெய்லரின் முகத்தைப் பார்த்துச் சவால் விடவில்லை. அங்கே இருந்த ஒரே பெண் உயர் அதிகாரியான செனட் சபையின் தற்காலிகத் தலைவர் கிரேஸ் மைனரை நோக்கித் தம் உரையைப் பேசி, இதைக் குடியரசுத் தலைவரிடம் சேர்ப்பியுங்கள் என்றார். எவ்வளவு நுட்பமான காரியம் பாருங்கள். பணியாமலும் பேசியாயிற்று, பகைக்காமலும் பேசியாயிற்று. பேச்சுவார்த்தைக்குப் போக டெய்லர் ஒப்புக்கொண்டார். இன்னொரு பெண்கள் குழு பக்கத்து நாடான சியாரா லியோனின் ஃபிரீடவுன் நகருக்குப் போய்க் கிளர்ச்சித் தலைவர்களையும் வழிமறித்து ஒப்புக்கொள்ள வைத்தது. ஒரு பக்கத்தை மட்டும் நெருக்கியிருந்தால் அது அமைதி இயக்கமாக இருந்திருக்காது. எதிர்க்கட்சியின் மகளிர் அணியாகத்தான் இருந்திருக்கும்.

கதவை மறித்த நாள்

2003 ஜூன் 4 ஆம் தேதி கானா நாட்டின் அக்ரா நகரில் பேச்சு தொடங்கியது. அன்றைக்கே டெய்லர் மீது சியாரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் குற்றச்சாட்டு வெளியாயிற்று. அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். பேச்சு இழுத்தது. வாரங்கள் ஓடின. காட்டில் துப்பாக்கியோடு திரிந்த தளபதிகள் நல்ல ஓட்டலில் தங்கி, எந்த மந்திரி பதவி யாருக்கு என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மன்ரோவியாவிலோ குண்டு மழை.

ஜூலை 21 ஆம் தேதி தலைநகரில் கடுமையான ஷெல் வீச்சு. அந்தச் செய்தி அக்ராவுக்கு வந்ததும், அங்கே இருந்த பெண்கள் சுமார் 200 பேர் மண்டபத்துக்குள் போய் வாசலில் கை கோத்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே இருக்கிற ஆண்கள் ஒப்பந்தம் செய்யாமல் வெளியே வரக்கூடாது என்றார்கள். காவலர்கள் போவீயைக் கைது செய்ய வந்தபோது அவர் தம் ஆடையைக் களையத் தொடங்கினார். பெற்றவள் வயதுப் பெண் தன்னைத்தானே அப்படி வெளிப்படுத்துவது அந்த நாடுகளில் பெரிய சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சித் தலைவர் ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர் வெளியே வந்து பெண்களோடு பேசினார். அன்றிலிருந்து பேச்சின் போக்கு மாறிற்று. ஆகஸ்ட் 11 ஆம் தேதி டெய்லர் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். ஆகஸ்ட் 18 ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

பத்திரிகைகள் இந்த வாசல் காட்சியைத்தான் பெரிதாக எழுதின. நாம் உங்களுக்குச் சொல்ல வருவது அதற்கு முந்தியதை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல், சனிக்கிழமை சந்தை, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று மாதக்கணக்கில் நடந்த நடை இல்லாவிட்டால், ஜூலை 21 அன்று கை கோக்க 200 பேர் கிடைத்திருக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தோடு அவர்கள் வேலை முடிந்துவிடவும் இல்லை. 2005 தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தபோது சந்தைப் பெண்கள் பலர் போகவில்லை. கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது, கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்பது அவர்கள் கவலை. அமைப்புப் பெண்கள் அவர்களுக்கு வாக்குரிமையின் மகிமையைப் பிரசங்கம் செய்யவில்லை. 'நீ போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வா, உன் கடையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உன் பிள்ளையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்' என்ற முறையில் உதவினார்கள். அந்தத் தேர்தலில் எல்லன் ஜான்சன் சர்லீஃப் வென்றார். ஆப்பிரிக்காவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர். 2011 இல் அவருக்கும் போவீக்கும் ஏமன் நாட்டின் தவக்குல் கர்மானுக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பெண்கள் உட்கார்ந்ததால் மட்டுமே போர் நின்றது என்று சொன்னால் அது மிகை. டெய்லரைப் போர்க்களத்தில் எதிரிகள் நெருக்கியிருந்தார்கள். நீதிமன்றக் குற்றச்சாட்டு கழுத்தைப் பிடித்தது. அண்டை நாடுகளும் வல்லரசும் அழுத்தம் கொடுத்தன. கணவன்மாரிடமிருந்து விலகியிருக்கும் நோன்பு ஒன்றையும் பெண்கள் அறிவித்தார்கள். உலகப் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. போவீயோ பின்னாளில், அதனால் பெரிய நடைமுறைப் பலன் இல்லை, விளம்பரம்தான் கிடைத்தது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆகவே அந்தப் போராட்டத்தில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்கிற கண் நமக்கு வேண்டும். வேலை செய்தது அன்றாடம் திரும்பத் திரும்பச் செய்த சின்ன வேலை.

நம் ஊருக்கு வருவோம்

இதையெல்லாம் மும்பையில் பிழைக்க வந்த தமிழர்களாகிய நாம் ஏன் கேட்க வேண்டும்? இங்கே போர் நடக்கவில்லையே என்று சிலர் நினைக்கலாம். இந்த அரங்கில் நரைத்த தலைகளைக் கேளுங்கள். 1992 டிசம்பர் 6 ஆம் தேதி அயோத்தியில் மசூதியை இடித்த பிறகு, அந்த டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அன்றைய பம்பாய் எரிந்தது. 900 பேர் மாண்டதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. எரிந்த இடங்களில் தாராவியும் ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த இந்துவும் முஸ்லிமும் ஒரே சந்தில், ஒரே குழாயடியில், ஒரே தமிழில் சண்டை போட்டுச் சமாதானம் ஆகிற இடம் அது. அங்கேயும் அந்த நாட்களில் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பயப்பட வைத்தார்கள்.

அதே நேரத்தில் நம் கண்ணெதிரே இன்னொரு சான்றும் உண்டு. பிவண்டி 1970 இலும் 1984 இலும் ரத்தக் களரி கண்ட ஊர். 1988 முதல் அங்கே காவல்துறைத் துணை ஆணையராக இருந்த சுரேஷ் கோப்டே, மொஹல்லா மொஹல்லாவாக இரு சமூகத்தாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் குழுக்கள் அமைத்தார். பம்பாய் எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. கலவரம் வந்த பிறகு கூடிய கூட்டத்தால் கிடைத்த பலன் அல்ல அது. நாலு வருஷம் முன்பே, ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களில் கூடிக் கூடிப் பழகியதால் கிடைத்த பலன்.

பெண்களுக்கு இது புதிதும் அல்ல. 1974 மே 8 ஆம் தேதி முதல் 27 ஆம் தேதி வரை நாடெங்கும் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. ஆண்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்த நாட்களில் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று தாக்குப் பிடித்தவர்கள் குடும்பப் பெண்கள் என்று மூத்த தோழர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தச் சங்கப் பதிவேட்டிலும் இல்லை. பெயர் இல்லாமல் அவ்வளவு செய்தவர்கள், பெயரும் பொறுப்பும் இருந்தால் எவ்வளவு செய்வார்கள்!

ஆகவே மகளிர் அமைதிக் குழுவின் முன் ஆறு வேலைகளை வைக்கிறோம். விவாதியுங்கள், திருத்துங்கள், ஏற்றுக்கொண்டால் செய்யுங்கள்.

முதலாவது, கோரிக்கை ஒன்றே ஒன்று. 'எங்கள் சந்தில் எந்த வீட்டையும் எவரும் தொடக்கூடாது.' மதம், மொழி, சாதி, கட்சி எதுவும் அதில் வராது. நமக்கு ஆகாதவர் வீடானாலும் அதுவும் எங்கள் சந்து வீடுதான்.

இரண்டாவது, சங்கிலி. ஒவ்வோர் உறுப்பினருக்கும் மூன்று பெயர். அந்த மூவரை அழைப்பது மட்டுமே அவர் பொறுப்பு. மூன்று ஒன்பதாகும், ஒன்பது இருபத்தேழாகும். மாதம் ஒரு முறை, ஒன்றும் நடக்காத நாளிலேயே, அழைத்துப் பார்க்க வேண்டும். எண் மாறியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, வதந்தி. அந்தக் காலத்தில் வதந்திக்குக் கால் இருந்தது, நடந்து வந்தது. இப்போது கைப்பேசியில் ஒரு விரல் தட்டில் ஆயிரம் வீட்டுக்குள் நுழைகிறது. குழுவின் விதி இப்படி இருக்கட்டும்: கண்ணால் பார்த்தவர் பெயர் தெரியாத செய்தியை நம்மில் யாரும் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை. சந்தேகம் வந்தால் இரண்டு பெண்கள், இரண்டு சமூகத்தைச் சேர்ந்தவர்கள், சேர்ந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

நான்காவது, இடம். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், ஒரே இடம். குழாயடியாகட்டும், சால் முற்றமாகட்டும், ரேஷன் கடை வாசலாகட்டும். லோக்கல் வண்டியின் லேடீஸ் பெட்டியில் தினமும் ஒரே இடத்தில் ஏறும் சகோதரிகளுக்கு அந்தப் பெட்டியே கிளை அலுவலகம். பெண்கள் நம்மிடம் வர வேண்டும் என்று காத்திருக்காமல், அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போவோம்.

ஐந்தாவது, துணை. தமிழ்ப் பெண்கள் மட்டும் சேர்ந்து நின்றால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தமிழர் கூட்டம். அமைதிக் கூட்டம் ஆகாது. ஒவ்வொரு சந்திலும் மராத்திச் சகோதரி ஒருவர், முஸ்லிம் சகோதரி ஒருவர், வடக்கத்திச் சகோதரி ஒருவர் நமக்குச் சமமான பொறுப்பில் வர வேண்டும். அழைப்பிதழில் பெயர் போடுவதற்காக அல்ல, முடிவு எடுப்பதற்காக. துண்டறிக்கை தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் வரட்டும். படமும் இருக்கட்டும்.

ஆறாவது, பாதுகாப்பு. யாரும் தனியாகப் போகக்கூடாது. கத்திக்கு எதிரே போய் நிற்கச் சொல்லி எந்தத் தாயையும் நாங்கள் கேட்க மாட்டோம். கூட்டம் சேர்வதற்கு முன் சேர்ந்து நிற்பதும், 112 எண்ணுக்கு உடனே தகவல் கொடுப்பதும், காவல் நிலையத்துக்கு ஐந்து பேராகப் போய் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குவதும்தான் வேலை. புகாரில் எழுத வேண்டியது நடந்ததை மட்டும். யார் செய்திருப்பார்கள் என்ற ஊகத்தை எழுதக்கூடாது.

பின்வரிசையில் நிற்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்களை மேடையேற்றிக் கை தட்டினால் நம் கடமை முடிந்துவிடாது. வாரத்தில் அந்த அரை மணி நேரம் அவர்கள் வெளியே வர வேண்டுமானால், அடுப்படியில் யாராவது இருக்க வேண்டும், பிள்ளைக்கு யாராவது சோறு போட வேண்டும். லைபீரியாவில் கடையைப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்ததால்தான் சந்தைப் பெண்கள் வாக்காளர் ஆனார்கள். இங்கே அந்தக் கடை, நம் வீட்டு அடுப்பங்கரை. 'எங்கே கிளம்பிவிட்டாய்?' என்ற கேள்வி கேட்கிற வீட்டிலிருந்து எந்த இயக்கமும் புறப்படாது.

'எங்களால் என்ன ஆகும், நாங்கள் படிக்காதவர்கள்' என்று சில தாய்மார்கள் சொல்வதைக் கேட்கிறோம். இந்தக் கூட்டத்தில் பேசுவதும் பத்தாம் வகுப்போடு நின்ற ஓர் எழுத்தர்தான். சந்தில் எந்த வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள், எந்த வீட்டுப் பையன் புதிதாகக் கெட்ட சகவாசத்தில் சேர்ந்திருக்கிறான், எந்த வீட்டில் மூன்று நாளாக விளக்கு எரியவில்லை என்பது எந்தப் பட்டதாரிக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கலவரம் தொடங்குவதற்கு முந்தின நாள் வேண்டியிருக்கும் அறிவு அதுதான்.

இத்துடன் முடித்துக்கொள்கிறோம். பதிவேடு இப்போது முன்வரிசையிலிருந்து உங்களிடம் வரும். உங்கள் பெயர் ஏற்கெனவே அதில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் புதிதாக நான்கு கட்டம் வரைந்திருக்கிறோம்: எந்தச் சந்து, எந்த நாள், எத்தனை மணி, நீங்கள் அழைக்கப்போகும் மூன்று பேர். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொடுங்கள். நான்கு கட்டமும் நிரம்பாமல் பதிவேட்டை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். முதல் வாரக் கூடுகை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அவரவர் சந்தில்.